சாதி வால் அறுந்த பிறகு

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பத்திரத்தில் ஓர் ஆளை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று வரையறுத்திருந்தது. குடியிருக்கும் ஊர், செய்யும் தொழில், பட்டம் இருந்தால் பட்டம். இந்தியராக இருந்தால் இவற்றோடு தகப்பன் பெயரும் சாதியும் சேர வேண்டும். சாதி என்ற சொல் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது 1956-ல்தான். கால் காணி விற்றவரும் வீட்டை அடமானம் வைத்தவரும் அதுவரை சாதியைச் சொல்லித்தான் சார்பதிவாளர் முன்னால் கைநாட்டு வைத்தார்கள். தாய்ப்பத்திரம் புரட்டுகிறவர்கள் கண்ணில் இன்றும் அந்த வரி படும். சட்டம் கேட்டதே தவிர, அன்றைய சென்னை மாகாணத்தில் சாதியைத் தனியாக எழுதப் பெரிய தேவை இருக்கவில்லை. பெயரே சொல்லிவிடும். அய்யர், அய்யங்கார், முதலியார், பிள்ளை, நாயுடு, செட்டியார் என்ற பட்டங்கள் பெயரின் கடைசியில் நின்று ஆளை அறிமுகம் செய்தன. பட்டம் இல்லாத பெயரும் ஒரு செய்தியைச் சொன்னது. காத்தான், முனியன், கருப்பன் என்று மொட்டையாக முடியும் பெயரைப் படித்ததும் அது ஊருக்கா சேரிக்கா என்று குமாஸ்தாவே முடிவு கட்டிவிடுவார்.

அந்தப் பெயர்கள் வேலை கேட்டு மேசைக்கு வந்தபோது என்ன நடந்தது, அதை மாற்ற இங்கே என்னென்ன செய்தார்கள், எது பலித்தது என்பது ஏறக்குறைய 170 ஆண்டு வரலாறு. பெயரிலிருந்து சாதியை எடுத்துவிட்டோம் என்ற பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அது நியாயமான பெருமைதான். ஆனால் பெயரை மறைத்ததால் மட்டும் வேலை கொடுக்கும் இடத்தில் நியாயம் வந்துவிடவில்லை. யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று எண்ணி எழுதும் பதிவேடும் அதோடு சேர்ந்த இடத்தில்தான் வந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் பாரபட்சம் பெயரை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைத் தேடிக்கொண்டது.

வேலைகள் ஒரு சில குடும்பங்களுக்குள் சுற்றிவருவதைக் கும்பினி அரசே கவனித்திருந்தது. 1854-ல் வருவாய் வாரியம் பிறப்பித்த 128-ஆம் எண் நிலையாணை, மாவட்டத்தின் கீழ்நிலைப் பதவிகளைச் செல்வாக்குள்ள சில குடும்பங்கள் மொத்தமாகப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும், முக்கியப் பதவிகளைப் பல சாதியினருக்கும் பிரித்துத் தரவும் கலெக்டர்களுக்குச் சொன்னது. சொன்னதோடு சரி. செய்தார்களா என்று கேட்க ஆளில்லை, கணக்கு அனுப்பவும் யாரும் சொல்லவில்லை. 1912-ஆம் ஆண்டின் நிலவரம் அந்த ஆணையின் கதியைக் காட்டுகிறது. மாகாணத்தில் இருந்த 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு சுமார் 3 விழுக்காடு. டெபுடி கலெக்டர்களில் அவர்கள் பாதிக்கு மேல். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இத்தகைய கணக்குகளைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது.

இந்தக் கணக்குக்கு அன்றே ஒரு மறுப்பு இருந்தது. தேர்வில் தேறியவர்கள் வேலைக்கு வந்தார்கள், இதில் பாரபட்சம் எங்கே என்றார்கள். முழுதும் தள்ளிவிடக்கூடிய மறுப்பு இல்லை இது. அந்தக் காலக் கணக்கெடுப்புகளின்படி தமிழ்ப் பிராமண ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் எழுத்தறிந்தவர்கள். மற்ற எந்தச் சாதியும் அதற்கு அருகில்கூட இல்லை. சட்டம் படித்து முன்சீப் ஆவதற்கான வரிசையில் முதலில் போய் நின்றவர்கள் அவர்கள். ஆனால் தாலுகா கச்சேரி குமாஸ்தா வேலைக்கும் டவாலி வேலைக்கும் அன்று பெரிய தேர்வு எதுவும் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவரின் சிபாரிசு, சிரஸ்தாரின் விருப்பம், கலெக்டரின் கையெழுத்து, அவ்வளவுதான். 1854 ஆணை குறிவைத்ததும் இந்த இடத்தைத்தான். படிப்பில் சமமாக இருந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனி ஆளின் கையில் இருந்தது. அந்த ஆள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு எழுத்தில் தடயம் கிடையாது.

நீதிக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் முதலில் கைவைத்தது இந்தத் தடயமின்மையில். 1921 செப்டம்பரில் வந்த முதல் வகுப்புவாரி அரசாணையை இன்று எல்லோரும் இடஒதுக்கீட்டின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதன் உள்ளே இருந்த ஒரு சாதாரண அலுவலக விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வோர் அலுவலகத் தலைவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக வேலைக்கு எடுத்தவர்களைப் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறித்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர் என ஆறு கட்டங்களில் பிரித்துக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த விதி. 1854-ல் அறிவுரையாக இருந்தது 1921-ல் படிவமாயிற்று. அறிவுரையைக் கேட்காமல் இருக்கலாம். படிவத்தை நிரப்பாமல் இருக்க முடியாது. கட்டங்கள் நிரம்பி வந்தபோது நிலைமை மெதுவாகவே மாறுகிறது என்பதும் எண்ணாகத் தெரிந்தது. அதன் விளைவுதான் 1927 நவம்பரில் பிறந்து, எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசாணை. 12 இடங்கள் கொண்ட ஒரு சுற்றில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முகமதியர், ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் என்ற மூன்று பிரிவுகளுக்கும் தலா 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. கடைசி எண்ணின் கஞ்சத்தனத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா நீதிக் கட்சியை விட்டு வெளியேறியது 1923-ல். ஒடுக்கப்பட்டோரைக் கட்சி கைவிட்டுவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு; அதன் பிறகும் அந்தக் குறை தீரவில்லை என்பதை 12-ல் 1 என்று அச்சிட்ட ஆணையே காட்டியது. எண்ணி எழுதினால் எழுதியவரின் குறையும் வெளியே வந்துவிடும். 1947-ல் சுற்றை 14 இடங்களாக்கியபோது அந்த 1 என்பது 2 ஆனது.

இந்த அரசாணைக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கும் இயக்கத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டுகூட இல்லை. 1927 இறுதியில் ‘குடி அரசு’ இதழில் ஈ.வெ. ராமசாமி தன் பெயரோடு வந்த ‘நாயக்கர்’ பட்டத்தை விட்டார். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மாநாட்டின் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் ‘நாடார்’ என்ற பட்டத்தை விட்டார். சென்னையில் பாண்டி பஜார் அவர் பெயரில் அமைந்ததுதான். பின்வந்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இளங்கோ, கண்ணகி, செழியன், தமிழ்ச்செல்வி என்று எந்தத் தெருவிலும் வைக்கக்கூடிய பெயர்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளில் நிறைந்தன. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று இரண்டோடு நிற்கும் வழக்கம் பிடித்துக்கொண்டது.

அந்தத் தீர்மானத்தின் அருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஒடுக்கப்பட்டவர்களிடம் துறப்பதற்கு அன்று மரியாதைப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. பட்டம் இல்லாமையே அவர்களின் அடையாளமாக இருந்தது. ‘முதலியார்’ என்றும் ‘பிள்ளை’ என்றும் போட்டவர்கள் போட்டுக்கொண்டே இருந்திருந்தால், மொட்டைப் பெயர் எப்போதும் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். பட்டம் இருந்தவர்கள் அதைப் பெருந்திரளாக விட்ட பிறகுதான் பட்டமில்லாத பெயர் எந்தச் செய்தியும் சொல்லாத பெயராக மாறியது. மேலே இருந்தவர்களின் துறவு கீழே இருந்தவர்களுக்கு மறைவைக் கொடுத்தது. ஒருவர் இருவர் செய்தால் பலிக்காத, ஊரே சேர்ந்து செய்தால் மட்டும் பலிக்கிற காரியம் இது.

இங்கே ஒரு முரண்பாடு இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். பெயரில் சாதி வேண்டாம் என்ற அதே இயக்கம் விண்ணப்பப் படிவத்தில் சாதியைக் கேட்டது. சாதிச் சான்றிதழ் இருக்கும்வரை சாதி ஒழியாது என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். ஆனால் சாதியைப் படிக்கும் கண்கள் இரண்டு விதம். பெயரைப் பார்த்து ஊகிக்கிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தான் ஊகித்ததை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். படிவத்தில் எழுதியதோ பகிரங்கமானது. அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு விதி உண்டு, மீறினால் நீதிமன்றம் உண்டு. 1927 ஆணையும் 1929 தீர்மானமும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். தனி மனிதரின் ஊகத்துக்குத் தீனி போடாமல் இருப்பது ஒரு பாதி. மொத்த விளைவைக் கணக்கெடுப்பது மறு பாதி.

அரசு வேலையில் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. செங்கல்பட்டு மாநாடு நடந்த அதே 1929-ல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் பிறந்தது. மாகாண அளவில் இந்தியாவின் முதல் தேர்வாணையம் அது. விடைத்தாளில் பெயர் இல்லை, எண் மட்டும். முடிவில் வகுப்புவாரிக் கணக்கு. இடையில் ஒரு சந்து மிச்சமிருந்தது, நேர்காணல். எழுத்துத் தேர்வில் மறைந்திருந்த ஆள் அங்கே முகத்தோடும் பேச்சோடும் ஊர்ப் பெயரோடும் வந்து உட்கார வேண்டியிருந்தது. இது எவ்வளவு பெரிய சந்து என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்று காட்டியது. வேலை வழக்கு இல்லை என்றாலும் தேர்ந்தெடுக்கும் முறை அதேதான். நேர்காணலுக்கு 75 மதிப்பெண். எந்தத் தகுதிக்கு எத்தனை என்று தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தது தேர்வுக் குழு. அது சட்டவிரோதம் என்று 1970-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.  எதற்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற தடயம் இல்லாதது அது கண்ட குறை. பிறகு 1981-ல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்கு வைப்பது தன்னிச்சையானது என்று தீர்ப்பு வந்தது. 2016 தொடக்கத்தில் ஒன்றிய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே கைவிட்டது.

தனியார் வேலையில் ஒரு பாதிதான் வந்தது. பெயரில் சாதி இல்லை; ஆனால் எண்ணுவாரும் இல்லை. 1991-க்குப் பிறகு வேலைகள் பெருகிய இடமே அதுதான் என்பதால் இதன் பாரம் கூடிவிட்டது. பொருளியலாளர் ஸாரா சித்திக் சென்னையில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, தகுதியில் சமமான விண்ணப்பங்களைச் சாதியை உணர்த்தும் வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. மேல்சாதிப் பெயருக்குக் கிடைத்த அதே எண்ணிக்கை அழைப்புகளைப் பெற, கீழ்ச்சாதிப் பெயர் 20 விழுக்காடு அதிக விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு 80 ஆண்டுகளுக்குப் பிறகு, செங்கல்பட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்தில் கிடைத்த முடிவு இது. சென்னையில் யார் சாதி தெரியப் பெயர் போடுகிறார்கள், செயற்கையான பெயர்களை அனுப்பிவிட்டு ஊரைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நடைமுறையில் பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்த அடையாளம் இருக்காது என்பது உண்மை. ஆனால் ஆய்வு அளந்தது பெயர்களை இல்லை, படிக்கிறவர்களை. அடையாளம் கண்ணில் பட்டால் கை எந்தப் பக்கம் போகும் என்பதை அது காட்டியது. அந்த மனச்சாய்வு அப்படியே இருக்கும்போது, பெயரில் கிடைக்காததை வேறெங்காவது தேடத்தான் செய்யும்.

தேடும் இடங்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு 2007-ல் எழுதினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று உறுதியாகச் சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பதாகவும் சொன்னார்கள். தகப்பனார் என்ன வேலை, வீட்டில் யார் யார் படித்தவர்கள், எந்தச் சூழலில் வளர்ந்தவர் என்பதெல்லாம் ஆளின் குணத்தைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளின் வடிவம் இன்னும் மென்மையானது. “நேட்டிவ் எது தம்பி?” என்று தொடங்கும். மதுரை என்றால் “மதுரையில எங்க?” என்று அடுத்தது வரும். உசிலம்பட்டி பக்கமா, மேலூர் பக்கமா என்று வட்டம் சுருங்கும். “அப்பா என்ன பண்றாங்க?” என்பதும் “குலதெய்வம் எந்தக் கோயில்?” என்பதும் அன்பாகவே கேட்கப்படும். கேட்கிறவர் தன்னைச் சாதி பார்க்கிறவராக நினைத்திருக்கவே மாட்டார். பதில் சொல்லும் இளைஞருக்கு மட்டும் எந்த விடையை நோக்கிக் கேள்விகள் போகின்றன என்பது இரண்டாவது கேள்வியிலேயே புரிந்துவிடும்.

முதலெழுத்தால் மறைக்கவே முடியாதவர்களும் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சென்னை உள்ளிட்ட நகரங்களின் ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. மேல்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு கிடைக்கும் சாத்தியத்தை 1 என்று கொண்டால், அதே தகுதி கொண்ட தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பட்டத்தை விடச் சொன்ன இயக்கத்தால் சாதியைப் பெயரிலிருந்து பிரிக்க முடிந்தது. மதத்தைப் பிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு இளங்கோவின் அதே தமிழைப் பேசி, அதே பள்ளியில் படித்த இப்ராகிமுக்குச் செங்கல்பட்டுத் தீர்மானம் எந்த மறைவையும் தரவில்லை. அவருக்கு இருந்த ஒரே காப்பு வகுப்புவாரிக் கணக்குதான்; அதுவும் அரசு வேலையில் மட்டும்.

நிறுவனங்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. எங்களுக்கு எந்தச் சாதி மேலும் வெறுப்பில்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் எல்லாவற்றையும் ஆழ்ந்து படிக்க நேரமில்லாதபோது, ஆங்கிலமும் பழக்கவழக்கமும் எப்படி இருக்கும் என்று பெயரை வைத்து ஓர் உத்தேசக் கணக்குப் போடுகிறோம் என்பார்கள். இதற்குச் சித்திக்கின் சென்னை ஆய்வே பதில் சொல்கிறது. வெறும் உத்தேசக் கணக்காக இருந்தால் யார் போட்டாலும் ஒரே விடை வர வேண்டும். வரவில்லை. ஆண்கள் தேர்ந்தெடுத்த இடங்களிலும் இந்துக்கள் தேர்ந்தெடுத்த இடங்களிலும் மேல்சாதிப் பெயருக்கான சாய்வு பெரிதாக இருந்தது. சிறிய அளவில் இயங்கும் நிறுவனங்கள் மேல்சாதிப் பெயர்களை விரும்பின. பெரிய அளவில் இயங்கும் நிறுவனங்கள் கீழ்ச்சாதிப் பெயர்களுக்கு அதிக அழைப்பு அனுப்பின. டெல்லியில் அபிஜித் பானர்ஜி, மரியான் பெர்ட்ரான்ட், சௌகதோ தத்தா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மென்பொருள் வேலைகளில் சாதியை ஒட்டிய வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. கால் சென்டர் வேலைகளில் கண்டார்கள். நிரல் எழுதத் தெரியுமா என்பதற்குச் சோதித்துப் பார்க்க வழியுண்டு. பேச்சு, பாங்கு, ‘நல்ல பின்னணி’ என்பவற்றை ஆளுக்கு ஆள் தன் மனம்போல அளக்கலாம். அளவுகோல் குழைந்திருக்கும் இடத்தில் பெயருக்கு வேலை வந்துவிடுகிறது.

அப்படியானால் விண்ணப்பத்தில் பெயரையே அடித்துவிட்டால் என்ன? பிரான்சு 2006-ல் சட்டம் போட்டது, 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பெயரில்லா விண்ணப்பங்களையே பரிசீலிக்க வேண்டும் என்று. அதைக் கட்டாயமாக்கும் விதிகள் வரவேயில்லை. விரும்பி முன்வந்த நிறுவனங்களில் 2009, 2010 ஆண்டுகளில் சோதித்தபோது எதிர்பாராத முடிவு கிடைத்தது. பெயர் மறைக்கப்பட்டபோது, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நேர்காணல் அழைப்பு முன்னைவிடக் குறைந்தது. முன்வந்தவை பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ள நிறுவனங்கள். பெயரைப் பார்த்தபோது, இவர் கடினமான சூழலிலிருந்து வந்தவர், படிப்பில் ஓர் ஆண்டு இடைவெளி இருந்தால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டவர்கள், பெயர் தெரியாதபோது இடைவெளியை மட்டும் பார்த்தார்கள். விரும்பியவர்கள் மட்டும் செய்யும் மறைப்பு இப்படித்தான் முடியும். செங்கல்பட்டில் போட்ட தீர்மானம் பலித்ததற்குக் காரணம், வேண்டியவர்கள் மட்டும் செய்யாமல் சமூகமே செய்தது.

எண்ணுவதால் பிளவு நிலைத்துவிடும் என்ற அச்சத்துக்கு வட அயர்லாந்தில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்பதைப் பெயரும் படித்த பள்ளியும் காட்டிக்கொடுத்துவிடும். ‘நேட்டிவ் எது’ என்ற கேள்விக்கு அங்கே ‘எந்தப் பள்ளி’ என்ற கேள்வி. 1976-ல் பாரபட்சத்தைத் தடை செய்த சட்டம் போதவில்லை. 1989-ல் வந்த சட்டம், 25 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் (பிறகு இது 10 பேர் என்று குறைக்கப்பட்டது) தங்கள் ஊழியர்களின் சமயக் கணக்கை ஆண்டுதோறும் தர வேண்டும் என்றது. 1990-ல் அந்தக் கணக்கில் கத்தோலிக்கர் சுமார் 35 விழுக்காடு. 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியை எட்டினார்கள். அவர்களின் மக்கள்தொகையும் இதற்கிடையே வளர்ந்தது என்பதால் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால் சமயத்தை எழுதியதால் பகை வளர்ந்துவிடவில்லை; குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் எழுதத் தொடங்கினார்கள், 1998-ல் அமைதி ஒப்பந்தம் வந்தது.

இந்தியாவில் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு 2004-ல் ஒன்றிய அரசின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் வழியாக மேலே வந்தது. ஜே.ஜே. இரானி தலைமையில் தொழில் கூட்டமைப்புகள் அமைத்த குழு, 2006-ல், சட்டம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்றது. இடஒதுக்கீடு வேண்டுமா என்பது வேறு விவாதம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது கணக்கு. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக மூன்று எண்களில் சொல்லிவிடலாம். 1921-ல் பேனாவும் மைக்கூடும் வைத்துக்கொண்டு தாலுகா கச்சேரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிய படிவத்தைவிட இது சிக்கலானதில்லை. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் எந்த நிறுவனத்துக்கும் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்ற சட்டக் கடமை இன்றுவரை இல்லை.